தண்ணீர்மலை வருகிறது, தண்ணீர் வரவில்லை

பினாங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. அம்மாவுக்கு 66 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டி விற்றவர். வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், சீன வாடிக்கையாளர்களிடம் ஹொக்கியன் என்று மூன்று மொழிகளிலும் பேரம் பேசியவர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து நூல் நழுவியது. எடுத்தார்; மறுபடியும் நழுவியது. "என்னம்மா?" என்று மகள் கேட்டபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதே தவிர, பதில் வரவில்லை. மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

இரண்டு வாரம் வார்டில் இருந்தார். இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பேச்சுதான் குடும்பத்தைக் குழப்புகிறது. முதலில் "ஆமாம்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தவை மலாய்ச் சொற்கள்: ஆயர் (தண்ணீர்), மாக்கான் (சாப்பிடு), சாக்கிட் (வலி). தமிழ் மிகக் குறைவு. ஹொக்கியனில் பத்து வரை எண்ணுகிறார். சீனி என்று சொல்ல வேண்டிய இடத்தில் உப்பு என்கிறார். மகளைக் காலமாகிவிட்ட தன் தங்கையின் பெயரால் அழைக்கிறார். குவளையைக் காட்டி "இது என்னம்மா?" என்றால் தவிக்கிறார், அழுகிறார். ஆனால் மாலையில் விளக்கேற்றியதும், பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் முருகனை "தண்ணீர்மலை ஆண்டவா" என்று கணீரென்று கும்பிடுகிறார்.

"தண்ணீர்மலை சொல்ல முடிகிற வாய்க்குத் தண்ணீர் சொல்ல முடியாதா?" என்று கேட்கிறார் உறவுக்காரர் ஒருவர். அம்மா வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்பது அவர் கட்சி. புத்தி பேதலித்துவிட்டது என்பது இன்னொருவர் கட்சி. மலாய்தான் வருகிறது, இனி மலாய் மட்டும் பேசுங்கள், தமிழைக் கலந்து குழப்பாதீர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் வருவது வரும், அதற்கு மேல் வராது என்றும் ஒருவர் சொன்னாராம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன், வீட்டுப் பத்திரத்தில் அம்மாவின் கைரேகையை இப்போதே வாங்கிவிடலாம் என்கிறார். கேட்டதற்கு அம்மாவும் "ஆமாம்" என்றிருக்கிறார். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பாடநூலை வைத்து அம்மாவுக்கு மறுபடியும் தமிழ் கற்றுக்கொடுக்கலாமா, என்னை வேறு பெயரால் அழைக்கும்போது திருத்தலாமா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் வீட்டில் நடக்கும் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். அம்மா நடிக்கவில்லை. அவருக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. அவருக்கு வந்திருப்பதற்கு அஃபேசியா என்று பெயர். தமிழில் பேச்சிழப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் முழுத் திருப்தி இல்லை. பேச்சோடு படிப்பதும், எழுதுவதும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கொஞ்சமோ அதிகமோ பாதிக்கப்படுகின்றன. ஆகவே மொழியிழப்பு என்றே சொல்வேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இவ்வளவு பேருக்கு வந்தும் இதன் பெயர்கூட நம் வீடுகளுக்குத் தெரியவில்லை என்பது ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளராக எனக்கு நெடுநாள் வருத்தம். பெயர் தெரியாததால்தான் "பைத்தியம்" என்றும் "பிடிவாதம்" என்றும் நாமே பெயர் வைத்துவிடுகிறோம்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழியின் முக்கிய வேலை மூளையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. வலது கையை இயக்குவதும் அதே இடப்பக்கம்தான். அதனால்தான் நூலும் சொல்லும் ஒரே காலையில் அம்மாவின் பிடியிலிருந்து நழுவின.

ஒரு சொல் எப்படி வாய்க்கு வருகிறது

மேசையில் ஒரு குவளை தண்ணீர் இருக்கிறது. உங்களுக்குத் தாகம். "தண்ணீர்" என்று சொல்கிறீர்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மூளைக்குள் இதற்குப் பல படிகள் உண்டு. முதலில் எண்ணம்: குடிப்பது, குளிர்ச்சியானது, எனக்கு வேண்டியது. அடுத்து, நீங்கள் அறிந்த பல்லாயிரம் சொற்களிலிருந்து அந்த எண்ணத்துக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுப்பது. அதற்கடுத்து அந்தச் சொல்லின் ஒலிகளை எடுத்து வரிசையாக அடுக்குவது: தண், ணீர். கடைசியாக உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாவற்றுக்கும் கட்டளை போவது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்க ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறக்குறைய 600 மில்லி நொடி ஆகிறது. அரை நொடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சாதாரணப் பேச்சில் நொடிக்கு இரண்டு, மூன்று சொற்கள் வரை இப்படி வந்துகொண்டே இருக்கின்றன.

அம்மாவுக்கு எந்தப் படியில் தடங்கல் என்பதை உங்கள் கடிதமே எனக்குச் சொல்கிறது. தாகம் எடுத்தால் அவர் குவளையைக் கை காட்டுகிறார், "ஆயர்" என்கிறார். ஆகவே எண்ணம் பழுதில்லை. சீனிக்குப் பதில் உப்பு என்கிறார். இதைக் கேட்டுத்தான் வீட்டில் பயந்திருக்கிறீர்கள். எனக்கோ அது நல்ல சேதி. சீனிக்குப் பதிலாக அவர் குடை என்று சொல்லவில்லை, கதவு என்று சொல்லவில்லை. வெள்ளையாக, தூளாக, அடுப்படியில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும் இரண்டில் ஒன்று தவறி வந்திருக்கிறது. சரியான அலமாரிக்குப் போய், சரியான தட்டில் கை வைத்து, பக்கத்து டப்பாவை எடுத்துவிட்டார். பொருள் அறியும் மனம் விழித்திருந்தால்தான் தவறுகூட இவ்வளவு அருகில் விழும்.

நமக்கும் இந்தத் தவிப்பு தெரிந்ததுதான். பழைய தோழியின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். முதல் எழுத்து தெரியும், நீளமான பெயரா குட்டைப் பெயரா என்பது தெரியும், பெயர் மட்டும் வராது. 1966இல் பிரவுன், மெக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த நிலையைச் சோதனை வைத்தே ஆராய்ந்தார்கள். சொல் வராதபோதும் அதன் முதல் ஒலியையும் அசை எண்ணிக்கையையும் பலரால் சரியாகச் சொல்ல முடிந்தது. நமக்கு எப்போதாவது ஒரு பெயரில் நேர்வது உங்கள் அம்மாவுக்கு நாள் முழுவதும், ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் நேர்கிறது. அவர் அழுவதில் என்ன வியப்பு?

தண்ணீர்மலை மட்டும் எப்படி வந்தது

உறவினர் கேட்ட கேள்வி நியாயமானது. முடிவுதான் தவறு. அதே கேள்வியை 160 ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். 21 ஆண்டுகளாக மருத்துவமனையிலேயே இருந்தவர். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். அங்கே அவருக்குப் பெயரே டான் என்று ஆகிவிட்டது. பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்த புரோக்கா, இடது முன்மூளையில் பழுது இருப்பதைக் கண்டார். மொழிக்கும் மூளையின் ஓர் இடத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது அதன் பிறகுதான். ஆனால் நமக்கு வேண்டியது வேறொரு விவரம். அந்த மனிதருக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசைத்தொடர் முழுதாக, பிசிறில்லாமல் வந்துவிடுமாம்.

இதற்கு ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் அதே நூற்றாண்டில் விளக்கம் தந்தார். பேச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அந்த நேரத்துத் தேவைக்கு நாமே புதிதாகக் கட்டும் பேச்சு. மற்றது, ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி உருண்டு திரண்டு ஒரே துண்டாகிவிட்ட பேச்சு: வசை, வழிபாடு, வணக்கம், எண் வரிசை, கிழமைகள், பாட்டு. முதல் வகைக்கு மூளையின் இடப்பக்க மொழிப் பகுதிகள் வேண்டும். இரண்டாம் வகை அவற்றையே அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. வலப்பக்கமும் மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் அதில் பங்கெடுப்பதாகக் கருதுகிறார்கள்.

ஆகவே "தண்ணீர்மலை ஆண்டவா" என்பது அம்மா தேர்ந்தெடுத்துச் சேர்த்த இரண்டு சொற்கள் அல்ல. தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பால்குடம் எடுத்து மலையேறிய காலத்திலிருந்து கூடவே வந்த ஒரு மூச்சு அது. அதற்குள் தண்ணீர் என்ற சொல் இருப்பதுகூட அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றாது. குவளையைப் பார்த்துத் தண்ணீர் என்று சொல்வது வேறு வேலை. அதற்கு உள்ளே தேட வேண்டும், எடுக்க வேண்டும், அடுக்க வேண்டும். ஹொக்கியனில் பத்து வரை எண்ணுகிறார் அல்லவா? "ஒரு கைக்கு எத்தனை விரல்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று நேராகச் சொல்லாமல், ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஐந்தில் நிற்பார். நடிப்பவருக்கு அந்த நுணுக்கம் தெரியாது.

இந்த வழி நமக்குப் பயன்படும். பாட்டையும் ராகத்தையும் கொண்டு பேச்சை மீட்கும் ஒரு சிகிச்சை முறையை 1973இல் பாஸ்டனில் வகுத்தார்கள். "தண்ணீர் வேண்டும்", "பசிக்கிறது" போன்ற சிறு தொடர்களை இரண்டே சுரத்தில் இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைத்து, பிறகு ராகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பேச்சாக்குவார்கள். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. வெறுமனே பக்திப் பாடல்களைப் போட்டுவிட்டால் பேச்சு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பாட்டு மனத்துக்கு ஆறுதல் தரும். அதற்காகவே தினமும் பாடலாம். பேச்சாக வேண்டுமானால் சிகிச்சையாளரின் கை வேண்டும்.

மலாய் முன்னால் வந்தது எதனால்

தாய்மொழியை விட்டுவிட்டு மலாய் பேசுகிறாரே என்று உங்கள் பெரியம்மா வருந்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பன்மொழி பேசுபவருக்கு மொழியிழப்பு வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். 19ஆம் நூற்றாண்டில் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்துப்படி முதலில் கற்றது முதலில் திரும்ப வேண்டும். பித்ரே என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் 1895இல், நோய்க்கு முன் எந்த மொழி அதிகம் புழங்கியதோ அதுதான் முதலில் திரும்பும் என்றார். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு, இரண்டும் பொய்த்த நோயாளிகளும் உண்டு. பெரும்பாலும் எல்லா மொழிகளும் அவரவர் முன்பிருந்த தேர்ச்சிக்கு ஏற்பச் சேர்ந்தே திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். 1982இல் மிஷேல் பராடியும் அவருடைய குழுவினரும் மொரோக்கோவில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீயைப் பற்றி எழுதினார்கள். அவருக்குப் பிரெஞ்சும் அரபும் தெரியும். விபத்துக்குப் பிறகு ஒருநாள் அரபு வரும், பிரெஞ்சு வராது. இன்னொரு நாள் அப்படியே மாறிவிடும். மொழி ஒன்று அழிந்துபோயிருந்தால் மறுநாள் எப்படித் திரும்பியிருக்கும்? மொழி உள்ளே இருக்கிறது. அதை எட்டும் வழி சில நேரம் திறக்கிறது, சில நேரம் அடைத்துக்கொள்கிறது.

தமிழுக்கு ஒரு பெட்டி, மலாய்க்கு ஒரு பெட்டி என்று மூளையில் தனித்தனியாக இல்லை. ஒருவர் அறிந்த மொழிகள் பெரும்பாலும் ஒரே வலைப்பின்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆளைப் பார்த்து மொழியை மாற்றும் திறன், அதாவது பொரி வாங்க வந்த மாமிக்குத் தமிழும் ஊதுவத்தி கேட்ட சீன அம்மாவுக்கு ஹொக்கியனும் என்று சட்டென்று மாற்றிக்கொள்ளும் திறன், மூளையின் வேறு சில பகுதிகளின் உதவியோடு நடக்கிறது. அங்கே பாதிப்பு இருந்தால் வேண்டிய மொழி வராமல் வேறொன்று முந்திக்கொள்ளும்.

உங்கள் அம்மாவுக்கு நான் ஊகிக்கும் காரணங்கள் இவை. முப்பது ஆண்டுகள் பகல் முழுவதும் சந்தையில் புழங்கியது மலாய். நோய் வந்த பின் முதல் இரண்டு வாரம் தாதிகளும் மருத்துவர்களும் அவரிடம் பேசியது மலாய். இன்னொன்று, மொழிகளின் அமைப்பு. மலாயில் மாக்கான் என்றால் நானும் மாக்கான், நீயும் மாக்கான், நேற்றும் மாக்கான், நாளையும் மாக்கான். தமிழில் அப்படியா? சாப்பிட்டேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுவார்கள் என்று காலம், இடம், எண் எல்லாவற்றையும் வினையின் வாலில் கட்ட வேண்டும். சொற்களை எடுப்பதிலும் விகுதிகளைக் கோப்பதிலும் தடுமாறும் ஒருவருக்குச் சரம் கட்டுவதைவிட உதிரிப்பூ எடுத்துக் கொடுப்பது எளிது. அம்மா தமிழைத் துறந்துவிடவில்லை, சகோதரி.

ஆகவே தமிழை நிறுத்தச் சொன்னது தவறான அறிவுரை. வீட்டு மொழியைப் பறித்துவிட்டால் மற்றது விரைந்து வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பேரப் பிள்ளைகளோடும் பெரியம்மாவோடும் அவர் பேச வேண்டியது தமிழில்தான். "ஆயர்" என்று அவர் கேட்டால் தண்ணீரைக் கொடுங்கள். கொடுக்கும்போது "இதோ, தண்ணீர்" என்று மெல்லச் சொல்லுங்கள். "தமிழில் சொன்னால்தான் தருவேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தாகம் எடுத்தவரிடம் பரீட்சை வைக்கக் கூடாது.

சிகிச்சை மலாயில் நடக்கிறது என்றால் அதையும் நிறுத்த வேண்டாம். ஒரு மொழியில் பெறும் பயிற்சி மற்றொன்றுக்கும் சில நேரம் கைகொடுக்கிறது. நீங்கள் உடன் போய், அம்மா தினமும் புழங்கும் முப்பது, நாற்பது தமிழ்ச் சொற்களை உச்சரிப்போடு எழுதிச் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். மொழிபெயர்க்க நேர்ந்தால் அம்மாவின் பிழையைத் திருத்திச் சொல்லாதீர்கள். அவர் உப்பு என்றால் உப்பு என்றே சொல்ல வேண்டும். அந்தப் பிழைதான் சிகிச்சையாளருக்கு வழிகாட்டி.

உங்களையும் ஓரிடத்தில் திருத்த வேண்டும்

"நாங்கள் பேசுவது எல்லாம் அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு புரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் எழுதியது. ஆனால் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. சூழலை வைத்து அவர் நிறைய ஊகித்துக்கொள்கிறார். நீங்கள் பையை எடுத்தால் வெளியே போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். நீளமான வாக்கியம், வேகமான பேச்சு, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, பின்னால் தொலைக்காட்சி என்றால் பிடி நழுவிவிடும்.

அமைதியான ஒரு நேரத்தில் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, இது பினாங்கா?" பிறகு, "அம்மா, இது சிங்கப்பூரா?" இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் அந்த "ஆமாம்" பதில் இல்லை, வாய்க்கு எளிதாக வருகிற ஓர் ஒலி. தலையசைப்பதோ, பச்சை அட்டை சிவப்பு அட்டையைத் தொடுவதோ அவருக்கு இன்னும் நம்பகமாக இருக்கலாம். அவருடைய ஆம், இல்லை எது என்று முதலில் உறுதிசெய்யாமல் வேறு எதையும் தொடங்க முடியாது.

பாடநூல் வேண்டாம். அம்மா தமிழை மறந்த குழந்தை இல்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்மணி. "அ, அம்மா, ஆடு" என்று அவர் முன் வைத்தால் கூசிப் போவார். அவருடைய உலகத்துச் சொற்களிலிருந்து தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தட்டில் மல்லிகை, சாமந்தி, மரிக்கொழுந்து, ரோஜா வாங்கி வையுங்கள். நூலின் ஒரு நுனியை நீங்கள் பிடியுங்கள், மறு நுனியை அவர் இடது கையில் கொடுங்கள். மரிக்கொழுந்தை மூக்கருகே காட்டி, "மரி…" என்று தொடங்கிவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடிதான் இந்தச் சிகிச்சையில் வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நாம் பொறுக்க மாட்டோம், மூன்றாம் நொடியில் நாமே சொல்லிவிடுவோம். அவர் உள்ளே தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் குரல் போய் இடையில் விழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லுங்கள், அவரும் உடன் சொல்லட்டும், அடுத்த பூவுக்குப் போங்கள். கால் மணி நேரம் போதும்.

பேசும்போது முகம் பார்த்து, ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும். "இட்டலியா, ரொட்டி சானாயா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். "என்ன பசியாறுகிறீர்கள்?" என்ற திறந்த கேள்வி அவருக்கு மலை. சத்தமாகப் பேச வேண்டாம்; காதில் பழுதில்லை.

மூன்று மாதக் கெடு பற்றி: முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன்பின் கதவு சாத்திக்கொள்ளும் என்பது உண்மையல்ல. ஜெர்மனியில், பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 156 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு முன்னேறியது. பழையபடி மூன்று மொழிகளிலும் பேரம் பேசும் அளவுக்கு அம்மா திரும்புவாரா என்று என்னால் வாக்குத் தர இயலாது. நான்காம் மாதத்தில் கைவிடுவது தவறு என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அரசு மருத்துவமனையில் தவணைகள் தள்ளித் தள்ளித்தான் கிடைக்கும். இடையில், 1996இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கமான நாசாமுக்குப் பினாங்கிலும் மையம் உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள். சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பேச்சுக் குறைபாடும் ஒரு பிரிவு. அம்மாவின் மருத்துவரிடம் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசுங்கள்.

அம்மா அழுவதை "பழகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகப் பலருக்கு வருகிறது. அதற்கு மருந்தும் உண்டு. சாப்பாடு, தூக்கம், பூசை எதிலும் நாட்டம் குறைந்தால் அடுத்த தவணைவரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, இருக்கும் பேச்சும் திடீரென்று குறைந்தாலோ, முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ உடனே 999. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சென்ற முறை அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி யாருக்காகவும் காத்திருக்காதீர்கள்.

பத்திரமும் கைரேகையும்

உங்கள் அண்ணனைக் கெட்டவராக நான் நினைக்கவில்லை. பின்னால் அலைய வேண்டுமே என்ற கவலையும் அவருக்கு இருக்கலாம். ஆனால் இப்போது, இந்த முறையில் கைரேகை வாங்குவது தவறு.

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்பவர் அதைப் புரிந்துகொண்டு, அது தனக்கு நன்மையா தீமையா என்று தீர்மானிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் கேட்பது புரிதலை. பேச முடியாது என்பதற்காகவே அம்மாவின் உரிமை போய்விடாது. அதேபோல், எதைக் கேட்டாலும் வருகிற ஒரு "ஆமாம்" சம்மதமாகவும் ஆகிவிடாது. குடும்பத்தில் செல்வாக்கு உள்ளவர் அழுத்தி வாங்கிய சம்மதம் பிறகு நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். அண்ணனுக்கே அது வில்லங்கம்.

அவசரம் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். அவசரம் என்றால், அம்மாவுக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இருக்கிறதா என்று மருத்துவரிடம் மதிப்பீடு கேளுங்கள். அந்த மதிப்பீட்டில் ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் உடன் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். வீட்டின் படம், பிள்ளைகளின் படங்கள், சிறு வாக்கியங்கள் ஆகியவற்றைக் கொண்டு கேட்பார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள். வேறொரு நாளிலும் அதே பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். இப்படிக் கேட்டால் அம்மா தெளிவாக ஒரு முடிவைக் காட்டவும் கூடும். அது அண்ணன் விரும்பியதாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் பிறகுதான் வழக்கறிஞர், அதுவும் உங்கள் இருவருக்கும் பொதுவான ஒருவர். இந்தப் பேச்சை அம்மா இருக்கும் அறையில், அவர் இல்லாததுபோல நடத்தாதீர்கள்.

கடைசியாக, பெயர். உங்களைச் சின்னம்மாவின் பெயரால் அழைக்கும்போது நெஞ்சில் தைப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல நினைவோடு இருக்கும் தாய்மாரும் மூத்த பிள்ளையைக் கூப்பிட இளையவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் சரியான பெயருக்கு வருவார்கள். வீட்டு மனிதர்களின் பெயர்கள் மனத்தில் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. அம்மா உங்களைத் தேடித்தான் கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த பெயர் கையில் அகப்பட்டது. "நான் அவர் இல்லை" என்று மறுக்க வேண்டாம். அருகில் போய் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்து உங்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வந்துவிட்டேன் அம்மா" என்று சொல்லி உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். திரும்பச் சொல்லும்படி கேட்காதீர்கள்.